காத்திருத்தலும் எதிர்பார்த்தலும்

அடுத்த 24 மணி நேரத்தில் ஓரிரு இடங்களில் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்னும் அறிவிப்பை நேயர்கள் வானொலியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். கேட்டவருள் எவரேனும், ‘இம்மழையை எதிர்பார்ப்பவர் யார்? எவரிடமிருந்து எதிர்பார்க்கிறார்?’ என்று வினவியதுண்டோ? இல்லை. மழை வந்தால் வரும், வாராதும் போகும். குடையை மறவாது எடுத்துச் செல்வதைத் தவிர இதில் கேட்பவர் செய்யத்தக்கது வேறொன்றுமில்லை. ஆனால், இதே சொல் ஓர் அலுவலகக் கடிதத்தில் இடம்பெற்றால் அதற்கு என்ன பொருள்? இவ்வினாவை எண்ணிப் பாராமல் நாம் எழுதிய ஒரேயொரு வரி, முதிய பெண்மணி ஒருவரைப் பதினொரு மாதங்கள் காக்க வைத்துவிட்டது. அந்நிகழ்ச்சியையும், அதன் வாயிலாக ‘எதிர்பார்த்தல்’, ‘காத்திருத்தல்’ என்னும் இரு சொற்களைப் பற்றி நாம் கற்றுக்கொண்டதையும் இன்று கூற விழைகிறோம்.

நாம் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி வருகிறோம். பொதுமக்கள் தமிழில் எழுதும் கடிதங்களை ஆங்கிலத்திலும், அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதும் விடைகளைத் தமிழிலும் பெயர்த்துத் தருவது நமது தொழில். கல்லூரியில் இலக்கியம் பயின்ற நமக்குத் தொடக்கத்தில் இத்தொழில் சற்றே வறண்டதாகத் தோன்றியது உண்மை. கவிதையில் ஒரு சொல் வழுவினால் சுவை குன்றும். கடிதத்தில் ஒரு சொல் வழுவினால் ஒருவர் வீட்டு அடுப்பு அணையும் என்பதை நாம் அப்போது அறிந்திருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், குண்டலுபேட்டையிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. எழுதியவர் எழுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்மணி. அவருடைய கணவர் அரசுப் பணியில் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வுபெற்றுக் காலமானவர். குடும்ப ஓய்வூதியம் வேண்டி அம்மையார் தமிழில் எழுதியிருந்தார். ஆகவே விடையும் தமிழிலேயே செல்ல வேண்டியதாயிற்று. பிரிவு அதிகாரி ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். இறப்புச் சான்றிதழ் ‘அவெயிட்டட்’ என்பது அதன் சாரம். நாம் அதனை, ‘தங்கள் கணவரின் இறப்புச் சான்றிதழ் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று பெயர்த்தோம். அதில் இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. மேலதிகாரியின் கையொப்பம் பெற்றுக் கடிதம் அஞ்சலில் சென்றது. நாமும் அடுத்த கோப்பைப் பிரித்தோம்.

பதினொரு மாதங்கள் கழிந்தபின் அம்மையாரின் இரண்டாம் கடிதம் வந்தது. அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பொறுப்பும் நம்மிடமே வந்தமை, ஊழ்வினை என்றே சொல்லத் தகும். கடிதம் மிகச் சிறியது. சான்றிதழ் இன்னும் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லையா, தாமும் நாள்தோறும் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதாக அதில் எழுதியிருந்தார். வசையில்லை, முறையீடும் இல்லை. அலுவலகம் எதிர்பார்க்கிறது, தாமும் எதிர்பார்க்கிறோம், இருவரும் ஒரே வண்டிக்காக ஒரே நிலையத்தில் நிற்கிறோம் என்னும் தோழமை உணர்ச்சியே அதில் இருந்தது. அதைப் படித்தபோதுதான் நமது வரியின் குறை நமக்குப் புலனாயிற்று. சான்றிதழை அனுப்ப வேண்டியவர் அவரே என்பதை நாம் எங்கும் சொல்லவில்லை.

அன்றே வேறொரு விடை எழுதினோம். ‘தங்கள் கணவரின் இறப்புச் சான்றிதழ் நகலைத் தாங்கள் இவ்வலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அது கிடைத்த பின்னரே ஓய்வூதியம் வழங்க இயலும்’ என்பது அவ்விடை. இரண்டே வாரங்களில் சான்றிதழ் வந்தது. பின்னர் ஓய்வூதியமும் நிலுவைத் தொகையும் அவருக்குச் சென்றன. கோப்பு முடிந்தது, ஆனால் நமது மனத்தில் அது முடியவில்லை.

தவற்றின் வேரை ஆராயப் புகுந்தோம். ‘எதிர்பார்’ என்பது ‘எதிர்’, ‘பார்’ என்னும் இரு சொற்களின் கூட்டு. வருவோர் வரும் திசையை எதிர்கொண்டு நோக்குவதே அதன் முதற்பொருள். வழிமேல் விழிவைத்தல் என்னும் தொடரும் இதே கருத்தினது. கண்ணின் தொழிலாகப் பிறந்த இச்சொல், நாளடைவில் மனத்தின் தொழிலாயிற்று. இன்று இஃது ஏறக்குறைய நான்கு வகையாக வழங்குகிறது. மகன் விடுமுறைக்கு வருவான் என்று தாய் எதிர்பார்க்கும்போது அஃது ஆசை. மழை எதிர்பார்க்கப்படுகிறது என்னும்போது அது கணிப்பு. ‘உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்று ஆசிரியர் மாணவனிடம் கூறும்போது அது கடமையை நினைவூட்டல்; அதில் கண்டிப்பும் கலந்திருக்கிறது. ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்’ என்று கடிதத்தை முடிக்கும்போது அது வேண்டுகோள்.

பேச்சில் இந்நான்கும் குழம்புவதில்லை. சொல்பவர் முகமும், கேட்பவர் உறவும், குரலின் ஏற்றத்தாழ்வும் பொருளை வரையறுத்துவிடும். அலுவலகக் கடிதத்துக்கு முகமில்லை. மேலும், அங்கே ‘எதிர்பார்க்கிறோம்’ என்பது ‘எதிர்பார்க்கப்படுகிறது’ எனச் செயப்பாட்டு வினையாகிவிடுகிறது. அந்தப் ‘படு’ என்னும் துணைவினை வந்து சேர்ந்த உடனே எழுவாய் ஓடி ஒளிந்துகொள்கிறது. எதிர்பார்ப்பவர் யார் என்பது மறைகிறது. எவரிடம் எதிர்பார்க்கிறார் என்பதும் அதனுடன் மறைந்துபோகிறது. நாம் வேண்டுகோளாக எழுதிய சொல்லை அம்மையார் கணிப்பாகப் படித்தார். அவர் படித்தது தவறென்று எந்த அகராதியைக் கொண்டும் நிறுவ முடியாது.

எதிர்பார்ப்பைக் குறிக்கும் சொற்கள் இடம் மாறினால் பொருள் மாறுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் ‘ஈக்ஷ்’ என்பது பார்த்தலைக் குறிக்கும் வேர். அதினின்று கிளைத்த சொற்கள் இந்திய மொழிகளில் எவ்வாறெல்லாம் வழங்குகின்றன என்று காண்பது சுவையுடையது. ‘நிரீட்சை’ கன்னடத்தில் எதிர்பார்ப்பு; மலையாளத்தில் ‘நிரீட்சணம்’ கூர்ந்து கவனித்தல்; இந்தியில் அது மேலாய்வு. ‘பிரதீட்சை’ இந்தியில் காத்திருத்தல், மலையாளத்திலோ நம்பிக்கை. ‘அபேட்சை’ கன்னடத்தில் விருப்பம், இந்தியில் எதிர்பார்ப்பு, மலையாளத்தில் அதுவே விண்ணப்ப மனு. தமிழிலும் தேர்தலில் நிற்பவரை அபேட்சகர் என்று எழுதிய காலம் ஒன்றிருந்தது. பின்னர் வேட்பாளர் என்னும் சொல் அதன் இடத்தைப் பெற்றது. ‘வேட்பு’ என்றாலும் விருப்பமே. ஒரே வேர், ஓர் ஊரில் ஆசையாகவும், மற்றோர் ஊரில் மனுவாகவும், இன்னோர் ஊரில் அதிகாரியின் சோதனையாகவும் நிற்கிறது. இவை அனைத்தும் பார்வையிலிருந்து பிறந்தவை. பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் பொருளும் அமைகிறது போலும்!

இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த நமக்கு, அவ்வூரை நேரில் காணும் வாய்ப்பு அடுத்த ஆண்டில் கிட்டியது. கூடலூரில் உறவினர் வீட்டுத் திருமணம். மைசூர் வழியாகச் செல்லத் திட்டமிட்டோம்.

குண்டலுபேட்டை மைசூருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வட்டத் தலைநகர். முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997ஆம் ஆண்டு சாமராஜநகர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. இவ்வூரைக் கடந்ததும் நெடுஞ்சாலை இரண்டாகக் கிளைக்கிறது. ஒன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் ஊடே கூடலூருக்கும் உதகமண்டலத்துக்கும் செல்வது. மற்றொன்று சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டுக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்வது. ஆகவே, கன்னட நாட்டு ஊராயினும் தமிழும் மலையாளமும் இங்குள்ள கடைத்தெருவுக்குப் புதியவை அல்ல. ஓணத் திருநாள் நெருங்கும்போது மலையாள வாணிகர்கள் இப்பகுதியின் செண்டுமல்லி வயல்களைத் தேடி வருவர். சாலையின் இருமருங்கும் பொன்னிறமாகவும் செந்நிறமாகவும் விரிந்து கிடக்கும் அவ்வயல்களைக் காணவென்றே வண்டியை நிறுத்துவோரும் உளர்.

நாம் சென்றபோது பூவையும் காணவில்லை, வயலையும் காணவில்லை. நஞ்சன்கூட்டில் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கியது. அதைச் சரிசெய்து குண்டலுபேட்டையைக் கடக்கையில் இரவு ஒன்பது மணி கடந்துவிட்டது. பந்திப்பூர்ச் சாலையில் சோதனைச்சாவடியின் தடுப்பு இறக்கப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டு முதல், பந்திப்பூர்க் காட்டின் ஊடே செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லத் தடை உள்ளது. 2010ஆம் ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. நோயாளரை ஏற்றிச் செல்லும் ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. நமக்கு முன்னரே அங்கு லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஓட்டுநர்கள் சிலர் வண்டிக்கடியில் பாய் விரித்து உறங்கினர்; சிலர் தேநீர்க் கடையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர்.

தடுப்பின் அருகே நின்ற காவலர் நமது வண்டியின் விளக்கைக் கண்டு அருகில் வந்து, ‘காயிரி’ என்று கன்னடத்தில் சொன்னார். காத்திருங்கள் என்று பொருள். அவர் பணியின் பெயரோ ‘காவலுகார’. காவல் காப்பவர் வந்து, ‘காயிரி’ என்கிறார். கன்னடத்தில் ‘காயு’ என்றால் காத்தல். ‘காயு’ என்றால் காத்திருத்தலும்கூட. மாடு மேய்ப்பவரை மாடு காப்பவர் என்று சொல்வதும் அதே வினையால்தான். நமக்குப் பின்னால் வந்து நின்ற கோழிக்கோட்டு ஓட்டுநர் தமது உதவியாளரிடம் ‘காத்திருக்க’ வேண்டும் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மும்மொழியும் கூடும் அச்சாலையில் ஒரே வேர்ச்சொல் மும்முறை நமது செவியில் விழுந்தது.

தமிழில் ‘காத்திரு’ என்பது ‘கா’ என்னும் வினையின் எச்சத்தோடு ‘இரு’ சேர்ந்து அமைந்தது என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். கா என்றால் பாதுகாத்தல். காப்பு, காவல், காவலன் முதலியன அதன் வழிவந்தவை. படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிலில் நடுவில் நிற்பதும் அதுவே. தெலுங்கிலும் ‘காசுகொனு’ என்பதற்குக் காத்திருத்தல் என்று பொருளுண்டு. பரோ, எமனோ என்னும் பேராசிரியர் இருவர் தொகுத்து 1961ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, இவ்வினச் சொற்களை ஒருங்கே வைத்துக் காட்டுகிறது. அவ்விருவருள் எமனோ, குண்டலுபேட்டைக்கு அண்மையிலுள்ள நீலகிரி மலையில் 1930களில் தங்கிக் கோத்தர், தோதவர் மொழிகளை ஆராய்ந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வரவேண்டிய ஒன்றுக்காக நிற்பதற்கும், இருக்கின்ற ஒன்றைக் காப்பதற்கும் நம் மொழிகள் ஒரே சொல்லை ஏன் கொண்டன?

இதற்கு விடை, தேநீர்க் கடைக்காரர் கைகாட்டிய இருளில் இருந்தது. தொலைவில், வயல்களின் நடுவே சிறு சிறு வெளிச்சங்கள் தெரிந்தன. அவை பரண்கள் என்றார் அவர். காட்டோரத்து உழவர் இரவு முழுவதும் பரண்மீது விழித்திருந்து, யானையும் பன்றியும் வந்து விளைச்சலை அழிக்காமல் காக்கின்றனர். அவர்கள் செய்வது காவலா, காத்திருத்தலா? அறுவடை நாளுக்காகக் காத்திருக்கின்றனர். அந்நாள் வரும்வரை பயிரைக் காக்கின்றனர். இரண்டும் ஒரே இரவில், ஒரே பரணில், ஒரே விழிப்பில் நிகழ்கின்றன. பழைய நாளில் தினைப்புனம் காத்தவர்களும் இவ்வாறே இருந்திருப்பர். எதிர்பார்த்தல் கண்ணின் தொழில் என்றோம். காத்திருத்தலில் கையும் காலும் விழிப்பும் சேர்ந்திருக்கின்றன. வரவிருப்பது வந்து சேரும்வரை, அதற்குரிய இடத்தைக் கெடாமல் வைத்திருப்பதே காத்திருத்தல் என்று நாம் அன்றிரவு பொருள் கொண்டோம்.

நமது இலக்கண நூலார் இதனை அறிந்தே இருந்தனர். தொல்காப்பியத்தின்படி காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை. அதற்குரிய காலம் கார், பொழுது மாலை, ஒழுக்கமோ இருத்தல். பிரிந்து சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் வருவதாகச் சொல்லிச் செல்வான். தலைவி அவன் வருமளவும் இல்லத்தில் ஆற்றியிருப்பாள். இங்கு ஒரு நுட்பம் உண்டு. அந்த இருத்தலுக்கு ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. யார் வருவார் என்பதும், எப்போது வருவார் என்பதும் தெரியும். எல்லை தெரிந்த காத்திருத்தலே இருத்தல். கடற்கரையாகிய நெய்தலுக்கு அவர்கள் வகுத்தது இரங்கல்.

பத்துப்பாட்டுள் 103 அடிகளால் ஆகிய முல்லைப்பாட்டில் ஒரு காட்சி வருகிறது. போருக்குச் சென்ற தலைவன் மீண்டு வருவானோ என்று தலைவி கலங்குகிறாள். முதுபெண்டிர் ஊரின் எல்லைக்குச் சென்று, நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, நற்சொல் கேட்பதற்காக நிற்கின்றனர். அப்போது ஓர் ஆயர்குலப் பெண், கயிற்றில் கட்டுண்டு தாயைக் காணாமல் வருந்தும் இளங்கன்றைத் தேற்றுகிறாள். கோவலர் பின்னே நின்று ஓட்டிவர, உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்பது அவள் சொல்லின் கருத்து. முதுபெண்டிர் அதையே நன்னிமித்தமாகக் கொண்டு தலைவியிடம் கூறுகின்றனர். அந்தப் பெண் கன்றுக்குச் சொன்னதை மீண்டும் நோக்குக. வருபவர் யார்? தாயர். அழைத்து வருபவர் யார்? கோவலர். எப்போது? இப்பொழுதே. பேசத் தெரியாத கன்றுக்கு அவள் மூன்று செய்திகளைச் சொன்னாள். படிக்கத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு நாம் ஒரு செய்தியும் சொல்லவில்லை. அவள் நம்மினும் சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்று எண்ணி வெட்கினோம்.

விடிந்து ஆறு மணிக்குத் தடுப்பு உயர்ந்தது. லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு காட்டுக்குள் சென்றன. நமது வண்டி மட்டும் ஊரை நோக்கித் திரும்பியது. கோப்பில் கண்ட தெருவின் பெயர் நினைவில் இருந்தது. அலுவலகத்தின் சார்பில் நாம் செல்லவில்லை, தவறிழைத்தவராகச் சென்றோம்.

ஓடு வேய்ந்த சிறிய வீடு. முற்றத்தில் செண்டுமல்லி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மையார், நாம் யாரென்று அறிந்ததும் சிறிதும் சினங்கொள்ளவில்லை. உள்ளே அழைத்து அமரச் செய்து காப்பி கொடுத்தார். அந்த முதற்கடிதத்தை அவர் இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பெட்டியிலிருந்து எடுத்துவந்து நம்மிடம் காட்டினார்.

“இதைப் படித்துவிட்டு எப்படிப் பொருள் கொண்டீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“என் மகன்தான் படித்தான், தம்பி. அவனுக்குக் கன்னடத்தில்தான் படிப்பு. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பான். செய்தித்தாளில் மழை நிரீட்சை என்று போடுவார்களே, அதுபோலத்தான் இது என்றான். சான்று கொடுக்கிற அலுவலகத்திலிருந்து நேரே உங்களுக்கு வந்து சேரும், அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.”

“நீங்களே அனுப்ப வேண்டும் என்று தோன்றவில்லையா?”

அம்மையார் நகைத்தார். “மழையை எதிர்பார்க்கிறார்கள் என்றால், நாம் போய் மழையைக் கொண்டுவந்து கொடுப்பதில்லையே, தம்பி!”

நமக்கு மறுமொழி இல்லை. அவரே தொடர்ந்து, அந்தப் பதினொரு மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்பதைச் சொன்னார். மழை பொய்த்த ஆண்டு அது. மகன் பயிரிட்ட பூவும் கைகொடுக்கவில்லை. மருந்துச் செலவுக்காகத் தமது கைவளையல் இரண்டையும் அடகு வைத்தார். நிலுவைத் தொகை வந்தபின் ஒன்றை மீட்டார். மற்றொன்று தவணை கடந்து ஏலத்தில் போய்விட்டது. இதைச் சொல்லும்போது அவர் முறையிடவில்லை. ஒற்றை வளையல் அணிந்த கையால் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். ‘படு’ என்னும் ஒரு துணைவினையின் விலை என்ன என்பதை நாம் அந்தக் கையில் கண்டோம்.

“அவர்கள்தான் எதிர்பார்க்கிறார்களே, நாம் போய் நச்சரிக்கலாமா என்று பேசாமல் இருந்தேன்,” என்றும் அவர் சொன்னார். இதை நாம் இன்றளவும் மறக்கவில்லை. எதிர்பார்ப்பு என்னும் சொல்லில் மக்கள் எத்துணை மரியாதை வைத்திருக்கின்றனர்! அலுவலகமும் தம்மைப்போல் நம்பிக்கையோடு காத்திருக்கிறது என்று அவர் கருதினார். ‘நம்பு’ என்னும் சொல்லுக்கு விருப்பம் என்று பொருள் கூறுகிறது தொல்காப்பிய உரியியல். விரும்பியதை உறுதியாகக் கொள்வதாக அச்சொல் பின்னர் வளர்ந்தது. விருப்பம் உறுதியாக வளர்வதற்கு நடுவில் ஏதேனும் ஓர் ஆதாரம் வேண்டும். நாம் அவருக்கு ஆதாரம் எதையும் கொடாமலே நம்பச் செய்துவிட்டோம்.

கூடலூருக்குச் செல்லும் வழியில் மீண்டும் அச்சோதனைச்சாவடியைக் கடந்தோம். இரவில் சரிவரத் தெரியாத அறிவிப்புப் பலகை இப்போது நன்றாகத் தெரிந்தது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லக் கூடாது; வனவிலங்குகள் சாலையைக் கடக்கும் இடம் என்று எழுதியிருந்தது. யாருக்குத் தடை, எதன் பொருட்டு, எதுவரை என்னும் மூன்றும் அதில் இருந்தன. பந்திப்பூர் 1973ஆம் ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட காடு. அங்கே இரவில் ஓர் ஓட்டுநர் நிற்கும் ஒன்பது மணி நேரம், ஒரு யானைக் கூட்டம் அச்சமின்றிச் சாலையைக் கடப்பதற்கான நேரம். காத்திருப்பவரே காப்பவராகவும் ஆகிறார். சொல்லின் இரு பொருள்களும் அத்தடுப்பின் இருபுறமும் நிற்கின்றன.

இத்தடை பற்றி எல்லோரும் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். வயநாட்டு மக்கள் இதனால் தமது வாணிகமும் போக்குவரத்தும் துன்புறுவதாக நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். 2019ஆம் ஆண்டில் சுல்தான் பத்தேரியில் உண்ணாநோன்புப் போராட்டமும் நடைபெற்றது. அவ்வழக்கின் நியாயத்தை எடைபோடுவது நமது பணியன்று. ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். எதிர்க்க விரும்புவோருக்கும்கூட அப்பலகை உதவுகிறது. தடையை விதித்தவர் யார், காரணம் யாது, கால எல்லை எது என்று தெரிந்திருப்பதால்தான் அவர்களால் நீதிமன்றம் செல்ல முடிகிறது, வாதிட முடிகிறது. காரணமும் எல்லையும் தெரியாமல் காக்க வைக்கப்படுபவர் எதிர்க்கவும் இயலாது. குண்டலுபேட்டை அம்மையார் பதினொரு மாதங்கள் வாய் திறவாமல் இருந்தது அதனாலேதான்.

இலவு காத்த கிளி என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. இலவமரத்தின் காய் பழுக்கும், உண்ணலாம் என்று கிளி காத்திருந்தது. காய் முற்றி வெடித்தபோது பஞ்சு பறந்தது. இங்கும் ‘காத்த’ என்னும் சொல் இரு பொருளும் தந்து நிற்பதைக் காணலாம். கிளி பழத்துக்காகக் காத்திருந்தது. காயைப் பிற பறவை கொத்தாமல் காத்தும் இருந்திருக்கும். பழமொழி கிளியின் அறியாமையை நகைக்கிறது. நாமும் பல்லாண்டுகளாகக் கிளியைத்தான் நகைத்து வந்தோம். இஃது இலவு, இதில் கனி இல்லை என்று அதற்கு எடுத்துரைத்தவர் உண்டா என்று நாம் கேட்டதில்லை. மரத்துக்கு வாயில்லை; அதனை மன்னிக்கலாம். எழுதுகோல் பிடித்த நமக்கு அவ்வாறு மன்னிப்புக் கிடையாது.

அன்று முதல் நமது மேசையில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். எதிர்பார்ப்பு என்னும் சொல் வரும் வரி எதுவாயினும், எழுதி முடித்ததும் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கிறோம். எதிர்பார்ப்பவர் யார்? எவரிடமிருந்து எதை? எந்நாள் வரை? மூன்றுக்கும் விடை இருந்தால் வரி செல்லலாம். இல்லையேல் அச்சொல்லை நீக்கிவிட்டு, ‘தாங்கள் அனுப்ப வேண்டும்’ என்றோ, ‘நாங்கள் அனுப்புவோம்’ என்றோ வெளிப்படையாக எழுதுகிறோம். இதனால் வரி சற்றே நீளும். அதிகாரிகள் சிலர் அது கடுமையாகத் தொனிப்பதாகக் கூறுவர். குழப்பமான மென்மையைவிடத் தெளிவான கடுமை, படிப்பவர்க்கு நன்மை செய்கிறது என்பது நமது கருத்து.

மழைக்கு மட்டும் அச்சொல்லை விட்டுவைத்திருக்கிறோம். மழையைக் கொண்டுவந்து தரவேண்டியவர் இன்னார் என்று எவராலும் எழுத முடியாதல்லவா? சென்ற ஆண்டு அம்மையாரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஆயுள் சான்றுக்கு உரிய காலம் வந்துவிட்டதென்றும், அதனைத் தாமே அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அடியில், ‘இங்கு மழை எதிர்பார்க்கப்படுகிறது’ என்று ஒரு வரி இருந்தது. அவ்வரியில் திருத்துவதற்கு எதையும் நாம் காணவில்லை.